அளவெடுக்கும் முன்னே மூடிய நாலு குழி

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பரிசோதனைக்கு ஆள் வருகிறார் என்றால் அவர் கண்ணில் ஒரு பள்ளம்கூடப் படக்கூடாது, பட்டால் வரவேண்டிய காசு நின்றுபோகும் என்று நான் நம்பியிருந்தேன். நாற்பத்தொன்பது வயதில், மீசை பாதி வெளுத்த பிறகு, ஒரு ஆள் இப்படி நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். நீங்கள் இரண்டாவது.

இந்த நம்பிக்கையை எனக்குள் ஊற்றி வளர்த்தது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. பதினெட்டு வருஷம் அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் ஆடிட்டர்கள் வருஷத்தில் நாலைந்து தடவை வருவார்கள். அவர்கள் தோலைப் பார்த்ததைவிடத் தரையைப் பார்த்ததுதான் அதிகம். மூடியில்லாத சாக்கடை, தொங்குகிற ஒயர், திறந்து கிடக்கிற குழி, ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும், போட்டோ எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, அறிக்கையில் ஏற்றிவிடுவார்கள். மேனேஜர் எங்களை ஓட ஓட விரட்டுவார். அதனால் ஆடிட் என்றால் எனக்கு மூன்றே வேலை: மூடு, பெருக்கு, மஞ்சள் கோடு போடு. மஞ்சள் பெயின்ட் டப்பா எப்போதும் என் மேஜைக்குக் கீழே தயாராக இருக்கும். ஒரு தடவை அவசரத்தில், தூங்கிக்கொண்டிருந்த நாயைச் சுற்றியும் கோடு போட்டுவிட்டேன். ஆடிட்டர் அதை ஏதோ பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு ஆர்டர் குறைந்தது. ஆட்களைக் குறைத்தார்கள். குறைந்தவர்களில் நானும் ஒருவன். செங்கல், சிமென்ட், கம்பி என்று பதினெட்டு வருஷம் பார்த்த தைரியத்தில் கான்ட்ராக்டர் ஆனேன். கழிவறை, காம்பவுண்டு சுவர், தண்ணீர்த் தொட்டி என்று சின்னச் சின்ன வேலைகள். பாதி முன்பணம், பாதி முடித்த பிறகு, வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். ஒன்றிரண்டு பேர் இழுத்தடித்தாலும் கடைசியில் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் திமிர் வந்தது.

அப்போதுதான் பெரிய வேலை கிடைத்தது. ஆம்பூர் ஓரத்தில் தோல் பதனிடும் கம்பெனி வைத்திருந்த ஒரு பாய், எனக்குப் பழைய பழக்கம். பதனிட்ட தோலுக்கு மெருகேற்ற ஒரு புது ஷெட் கட்ட வேண்டும் என்றார். பன்னிரண்டு இரும்புத் தூண், அதற்குப் பன்னிரண்டு குழி, குழிக்குள் காங்கிரீட் அடித்தளம், மேலே தகரக் கூரை. இந்தத் தடவை வாய்ப்பேச்சு இல்லை. கட்டட வேலையை மேற்பார்க்க பாய் அமர்த்தியிருந்த ஒரு சென்னை ஆலோசனை ஆபீஸ் ஆங்கிலத்தில் பதினொரு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று முதல் பக்கத்தைப் பார்த்தேன். எங்கே கையெழுத்துப் போடுவது என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் இருந்த ஒன்பது பக்கத்தை நம்பிக்கையோடு விட்டுவிட்டேன்.

அந்த ஒன்பது பக்கத்தில் என்ன இருந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, நடந்திருக்கிற வேலையை அவர்களுடைய எஞ்சினியர் டேப் பிடித்து அளப்பார். நீளம், அகலம், ஆழம். அதை அளவுத் தாளில் எழுதி அவரும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அளவைப் பேசி வைத்த விலையால் பெருக்கினால் அதுதான் பில். பில் சென்னைக்குப் போகும். அங்கே சரி என்று சொன்னால், நூற்றுக்கு ஐந்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை பாய் என் கணக்குக்கு அனுப்புவார். பிடித்த ஐந்து, ஷெட் முடிந்து ஒரு வருஷம் விரிசல் விடாமல் நின்றால் திரும்பக் கிடைக்கும். ஆகமொத்தம், செய்த வேலைக்குக் காசு இல்லை. அளந்து எழுதிய வேலைக்குத்தான் காசு. ஏழாம் தேதியானால் சம்பளம் வந்துவிடும் என்று பழகிய என் மூளைக்கு இந்த ஒரு வரி புரிவதற்குள் ஒரு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டியதாகிவிட்டது.

முதல் எட்டுக் குழிகளும் கம்பெனியின் உள்பக்கம். அவற்றைத் தோண்டி, எஞ்சினியர் வந்து பார்த்து, அளந்து, பில் போய், காசும் வந்துவிட்டது. வந்த காசு அப்படியே கம்பிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சம் நாலு குழி. அவை கேட் பக்கம், சரக்கு லாரி போகிற வழியில். லாரி வராத நாள் வெள்ளிக்கிழமைதான். ஆம்பூரில் நிறையக் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடும், வெள்ளிக்கிழமை தெரு அமைதியாக இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. ஆக, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பொக்லைன் வைத்து அந்த நாலையும் தோண்ட ஆரம்பித்தோம்.

என் மேஸ்திரி பேரணாம்பட்டுப் பக்கம். ஒன்பது ஆட்களைக் கூட்டி வருவார், ஆணும் பெண்ணுமாக. அவர்களுக்கும் எனக்கும் இருந்த ஏற்பாடு இது: சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் கொடுப்பேன், மீதிக் கூலி பில் வந்ததும். ஏற்பாடு என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். மேஸ்திரியைப் பொறுத்தவரை, நான் கொடுக்கிறேன் என்று சொன்னேன், அவர் சரி என்றார், அவ்வளவுதான். அவர் அதிகம் பேசமாட்டார். நான் பத்து ஜோக் சொன்னால் ஒன்றுக்கு பீடியை எடுத்துவிட்டு உதட்டை அசைப்பார். அது அவருடைய கைதட்டல்.

வரைபடத்தில் குழிக்கு ஐந்தடி ஆழம். கேட் பக்கம் ஐந்தடி போனதும் கருத்த மண் வந்தது, அல்வா மாதிரி. அந்த இடத்தில் அந்தக் காலத்தில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழிகள் இருந்தனவாம். பிறகு எதை எதையோ கொட்டி மூடியிருக்கிறார்கள். மேஸ்திரி கடப்பாறையைச் செங்குத்தாக நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது தானாகவே இறங்கியது.

"இதும்மேல நிக்க வெச்சா ஷெட்டு சாஞ்சிடும் சார். கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் போவணும்" என்றார்.

எஞ்சினியருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பொக்லைன் வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. "போவலாம் மேஸ்திரி, நான் பாத்துக்கறேன்" என்றேன். இந்த 'நான் பாத்துக்கறேன்' என்பதை என் வாழ்க்கையில் சொன்ன ஒவ்வொரு தடவையும் எதையும் பார்க்காமல்தான் சொல்லியிருக்கிறேன். எட்டடி போனோம். அடியில் காங்கிரீட் கொட்டி மேலே ஏற்றி, அதன்மேல் எஞ்சினியர் முன்பே பார்த்து வைத்திருந்த கம்பிக் கூண்டை இறக்கி, அடித்தளம் போட்டு முடிக்கும்போது மாலையாகிவிட்டது. அந்த நாலு குழி விழுங்கிய சிமென்ட், உள்பக்கம் எட்டுக் குழி விழுங்கியதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

அன்று மாலை எஞ்சினியரே கூப்பிட்டார். பாகாயம் பக்கத்துப் பெண், என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். தங்கைக்கு நிச்சயதார்த்தம், பின்னால் மேளச் சத்தம் கேட்டது. நாளைக்கு வர முடியாது, அடுத்த சனிக்கிழமை வந்து அளவு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆழம் அதிகமாகப் போன விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். நல்ல நாளில் அந்தப் பெண்ணிடம் எதற்குக் கருத்த மண்ணைப் பற்றிப் பேசுவது என்று, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் காதில் விழுந்ததெல்லாம் ஒன்றுதான்: சனிக்கிழமை ஆள் பார்க்க வருகிறார்.

பார்க்க வருகிறார் என்றதும் உள்ளே பதினெட்டு வருஷத்து சூப்பர்வைசர் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு குழிகளையும் மண் தள்ளி மூடினேன். தண்ணீர் விட்டு இடித்தேன். பெருக்கினேன். ஓரத்தில் பிளீச்சிங் பவுடர்கூடத் தூவினேன். கடைசியாக, தூண் வரப்போகிற இடங்களைச் சுற்றி மஞ்சள் கோடு. நூல் பிடித்துப் போட்டது, ஒரு இம்மி கோணல் கிடையாது. மேஸ்திரி ஒரு தடவை கேட்டார், மேடம் வந்து பார்த்த பிறகு மூடினால் போதாதா என்று. திறந்த குழியோடு இடத்தைக் காட்டுவதா, மேஸ்திரிக்கு ஆடிட் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். மத்தியானம் ஜும்மா தொழுகை முடிந்து வந்த பாய், வெள்ளை ஜிப்பாவோடு கேட்டில் நின்று பார்த்துவிட்டு, "இப்பதான் பா கம்பெனி மாதிரி கீது" என்றார். ஒரு வாரமாக வழியை அடைத்துக்கொண்டிருந்த குழி மூடியதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குக் காலே தரையில் இல்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு எஞ்சினியர் வந்தார். தோளில் பை, காலில் கனத்த ஷூ, கையில் வரைபடம். அதற்குள் ஒரு கன்டெய்னர் லாரி வந்து, இரண்டு குழிகளின்மேல் நன்றாகச் சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தது. அவர் வரைபடத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். திரும்ப வரைபடத்தைப் பார்த்தார்.

"குழி எங்க சார்?"

"மூடிட்டோம் மேடம்." இதை நான் பெருமையோடு சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"அளவு எடுக்கறதுக்கு முன்னாடியேவா?"

அளவுதானே, நான் சொல்கிறேன், நாலும் எட்டடி, மண் மோசம், கூடுதலாகப் போனோம் என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் பேனாவை மூடி பைக்குள் வைத்தார். 

"நான் பாக்காதத எழுத மாட்டேன் சார்."

பயம் வந்தால் எனக்குக் கூடவே ஜோக்கும் வரும். கட்டுப்படுத்த முடியாத வியாதி. கழுத்தில் சின்னதாகச் சிலுவை போட்டிருந்தார். "கடவுளக்கூட பாக்காமதான மேடம் நம்பறோம்" என்றேன்.

"அவருக்கு நான் பில் எழுதறது இல்ல சார்" என்றார், சிரிக்காமல்.

அளவுத் தாளில் நாலு வரியிலும் 'மூடப்பட்டுள்ளது, அளக்க இயலவில்லை' என்று எழுதி என்னிடம் நீட்டினார். அந்த பில்லில் இருந்ததே அந்த நாலு வரிதான். அது பூஜ்யம் என்றால் பில்லே பூஜ்யம். மேஸ்திரியின் ஒன்பது ஆட்களுக்கு மூன்று வாரக் கூலி அந்த நாலு வரிக்குள் இருந்தது. அவர்கள் கேட்டோரம் மணல் குவியலில் உட்கார்ந்து, வழக்கமான சாப்பாட்டுக் காசுக்காகக் காத்திருந்தார்கள். பையில் இருந்ததைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பில் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்றேன். சித்தாளாக வந்த ஒரு அம்மா, போன வாரமும் இதையேதான் சொன்னீங்க என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

அடுத்த மூன்று நாள் நான் செய்தவற்றை வரிசைப்படி, என் பிள்ளைகள் இதைப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

முதலில் போட்டோ. நான் எல்லாவற்றையும் போட்டோ எடுப்பவன். தோண்டின அன்று நாற்பது எடுத்திருந்தேன். ஆதாரம் கையிலேயே இருக்கிறது என்று துள்ளிக் குதித்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நாற்பதிலும் நான். பொக்லைனுக்கு முன்னால் நான், கம்பிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நான், இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்க்கும் நான். குழி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் என் தொப்பை. மண்ணைத் தள்ளுவதற்கு ஒரு வாரம் முன்பே குழிகளை நான் என் உடம்பால் மூடியிருக்கிறேன்.

அடுத்தது மக்கன் பேடா. ஆற்காடு போய் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, எஞ்சினியர் வேறொரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த வேலூர் இடத்துக்கே போனேன். தங்கை நிச்சயத்துக்கு வாழ்த்து என்று நீட்டினேன். கூடவே, நாலு குழியும் எட்டடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தையும் கொடுத்தேன்; அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். மீதியை அங்கிருந்த ஆட்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, குழியை எப்போது திறக்கிறீர்கள் என்று கேட்டார். திறப்பதா என்றேன். திறந்தால்தானே சார் தெரியும் என்றார். அதை அவர் சொன்ன விதம், பானையை மூடிவிட்டு உள்ளே என்ன குழம்பு என்று கேட்கிறவனிடம் சொல்வதுபோல இருந்தது.

திரும்பும் வழியில் நெஞ்சு வலித்தது. இடது கை மரத்தது மாதிரி இருந்தது. பேருந்தில் இடது கையில்தான் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன் என்பது அப்போது தோன்றவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் திரும்பவும் வேலூருக்குள் போய், பஜாருக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக்கில் படுத்துக்கொண்டேன். ஒயர்களை ஒட்டியபோது, குடும்பத்துக்கு என்னென்ன விட்டுவிட்டுப் போகிறேன் என்று யோசித்தேன். சிமென்ட் கடை பாக்கி, ஒரு மஞ்சள் பெயின்ட் டப்பா. டாக்டர் தாளை மேலும் கீழும் பார்த்தார். மனசில் ஏதாவது கவலையா என்றார். சைட்டில் குழியை மூடிவிட்டேன் டாக்டர் என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, வாயு என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் என் மனைவி அந்தப் பதினொரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் இன்னொரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கிறவள். ஒரு புள்ளி தப்பானால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும் என்று பழகிய கண். ஆறாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"ஏங்க, இத படிச்சீங்களா?"

"இன்னா போட்டுக்குது?"

"மண்ணுக்குள்ள மறையப் போற வேலைய, மூடறதுக்கு முன்னாடி தகவல் குடுத்து காட்டணுமாம். காட்டாம மூடினா, திறந்து காட்டறது கான்ட்ராக்டர் செலவாம். படம் போட்டதுக்கு மேல எது செஞ்சாலும் முன்னாடியே எழுத்துல சம்மதம் வாங்கணுமாம்."

"அந்தப் பக்கத்த மட்டும் பொடி எழுத்துல போட்டுட்டாங்க போல."

"எல்லாப் பக்கமும் ஒரே எழுத்துதான்" என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். திட்டவில்லை, எனக்கு அதுதான் இன்னும் மோசம். மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

சொல்லவில்லை. மறுநாள் சொன்னேன். அளவு எடுக்காததால் பில் இல்லை, பில் இல்லாததால் கூலி இப்போதைக்கு இல்லை, ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, என் கையில் எதுவும் இல்லை என்று நீளமாகச் சொன்னேன். அவர் பீடியைக் காலில் நசுக்கி அணைத்தார்.

"எனக்கு பில்லு தெரியாது சார். உங்களத்தான் தெரியும்."

அதற்குப் பிறகு பாயிடம் போனேன். எஞ்சினியரை மீறி நீங்களே கொடுத்துவிடக் கூடாதா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் நல்ல மனுஷன், டீ சொன்னார். "நீ தோஸ்த்துதான் பா. ஆனா மேடம் கையெழுத்து இல்லாம நான் குடுத்தா, நாளைக்கி ஷெட்டு சாஞ்சா நான் யாரப் புடிக்கறது. அவங்க கையெழுத்து போடட்டும், சென்னையில சரி சொல்லட்டும், அன்னிக்கே அனுப்பறேன்" என்றார். குழியைத் திரும்பத் தோண்ட மட்டும் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான், சாயங்காலத்துக்குள் பழையபடி மூடிவிட வேண்டும், சனிக்கிழமை சரக்கு போக வேண்டும், பேஜார் பண்ணிவிடாதே என்றார்.

ஆக, நான் நூல் பிடித்துப் போட்ட கோட்டை வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானே வாடகைக்கு எடுத்த பொக்லைன் சுரண்டி எடுத்தது. மேஸ்திரியோடு அன்று ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். இரண்டு பேர் ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். 

எஞ்சினியர் எட்டரைக்கு வந்தார். ஒவ்வொரு அடித்தளத்துக்கும் ஒரு பக்கமாகத் தோண்டி, காங்கிரீட்டின் அடி தெரிகிற வரைக்கும் இறங்கச் சொன்னார். முதல் குழி. கருத்த மண் நாற்றம் மேலே வந்தது. டேப்பைத் தொங்கவிட்டார். எட்டடி. எழுதினார். எனக்கு உயிர் திரும்ப ஆரம்பித்தது. இரண்டாவது, எட்டடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தை நான் அவருக்கு நன்கொடையாகத் தருகிறேன் என்றேன். எழுதிக்கொண்டே, வேண்டாம் சார், உங்களுதையே எழுதறேன் என்றார். மூன்றாவதும் எட்டு. மேஸ்திரியின் ஆட்களில் ஒருவர் சிரித்தது கேட்டது. பதினைந்து நாளில் முதல் சிரிப்பு. நான் போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தேன்.

நாலாவது குழியில் டேப் ஐந்தரையிலேயே நின்றது.

அவர் தானே குழிக்குள் இறங்கினார். ஓரத்து மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தார். கடப்பாறை கேட்டு வாங்கிக் குத்தினார். இறங்கவில்லை. கெட்டி மண். காங்கிரீட் அங்கேயே முடிந்திருந்தது. மேலே ஏறி, பையிலிருந்து நான் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை எடுத்தார். நாலு குழி, நாலும் எட்டடி, என் கையெழுத்து.

"இது எட்டா சார்?"

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவசரப்படாமல் சொன்னார்.

"நாலாவதுல கடப்பாற எறங்கல சார். மணி நாலாயிடுச்சி, கெட்டியாத்தான் கீது, போதும்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னேன். அப்போது ஞாபகம் வந்தது. அது சரியான முடிவுகூட. ஆனால் பயத்தில் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த கதையில் நாலும் எட்டடியாகிவிட்டது. சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகிவிட்டது. நான் ஏமாற்ற நினைக்கவில்லை. அதை எப்படி நிரூபிப்பது? குழிக்குள் ஒரு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. என் கையெழுத்து அவர் கையில் இருந்தது.

எஞ்சினியர் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு நீங்க சொன்னத நம்பி எழுதியிருந்தா, நான் என்ன சார் ஆயிருப்பேன்?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் பார்க்காமல் எழுதி, பிறகு அது தெரிய வந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்டாராம். அதை மட்டும் சொன்னார்.  ஆட்கள் டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு குழியைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. தேடினேன், உண்மையாகவே தேடினேன். மன்னிச்சிடுங்க மேடம் என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் தாளில் ஐந்தரை என்று எழுதினார். பிறகு, ஐந்தடிக்கு மேல் போவதற்கு முன்னால் எழுத்தில் கேட்டீர்களா என்றார். போன் பண்ணினேன், எடுக்கவில்லை என்றேன். எழுத்தில் சார் என்றார். இல்லை என்றேன். மூன்று இடத்தில் மண் மோசமாக இருந்தது, கூடுதல் ஆழம் தேவைப்பட்டது என்று தானாகவே ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். "நான் பாத்தத எழுதிட்டேன். சென்னையில ஒத்துப்பாங்களான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நாங்கள் மூடினோம். பெருக்கினோம். பெயின்ட் டப்பாவை நான் எடுக்கவில்லை.

பதினோரு நாள் கழித்து பில் திரும்பி வந்தது. நாலு குழிக்கும் வரைபடத்தில் இருந்த ஐந்தடிக்கு மட்டும் சரி என்று போட்டிருந்தார்கள். கூடுதல் ஆழத்தை அடித்துவிட்டு, எழுத்து மூலம் முன் அனுமதி இல்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். பாய் சொன்னபடி அன்றைக்கே, நூற்றுக்கு ஐந்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவை வந்த பொக்லைனின் வாடகை என்னுடையது. வந்த காசு மூன்று வாரக் கூலிக்குப் போதவில்லை. ஷூ கம்பெனியில் சேர்ந்திருந்த என் பி.எஃப். பணத்தை எடுத்து மீதியைப் போட்டு, ஒன்பது பேர் கூலியையும் மேஸ்திரியிடம் கொடுத்தேன். ஓசூர் போன இருவர் பங்கையும் சேர்த்து அவரே வாங்கி, எண்ணிப் பார்த்து, சரி சார் என்றார். ஷெட் முடிகிற வரைக்கும் வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு நான் எடுத்த வேலைகளுக்குக் கூப்பிட்டபோது, கை நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சிமென்ட் கடைக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று குழிகளிலும் கூடுதலாகப் போன மூன்று மூன்று அடிக்குக் காசு வரவில்லை.